நான் தின்ற செய்தி

வாப்பாவின் தம்பி, என் சாச்சா, வளைகுடாவில், ஃபஹாஹீலில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். மிச்ச நேரத்தில் ஊர்ப் பத்திரிகைக்கு நிருபர். இந்த இரண்டாவது வேலை எங்கள் வீட்டைத் தாண்டி ஈ காக்கைக்குத் தெரியாது. தெரிந்தால் விசா போய்விடும், எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று உம்மா தினமும் புலம்புவாள். அதனால் சாச்சா தபாலை நம்பமாட்டார். லீவில் ஊருக்குப் போகிறவர் கையில்தான் செய்தியைக் கொடுத்தனுப்புவார்.

எனக்கு அவர் சொன்ன கதையெல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் அமெரிக்க நிருபரைப் பற்றித்தான். குதிரையில் போர்க்களம் போவாராம். எதிரி மடக்கினால் எழுதிய தாளை மென்று விழுங்கிவிட்டு, தந்தி ஆபீஸில் ஒரு வரி விடாமல் ஒப்பிப்பாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து சாச்சா எழுதினார். ஒரு கட்டட சைட்டில் சாரம் சரிந்து ஐந்து பேர் செத்திருந்தார்கள். கட்டிய கம்பெனி வாயே திறக்கவில்லை. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் விசாரித்து, செத்தவர்கள் பெயரையும் ஊரையும் அந்தத் தாளில் எழுதிவைத்திருந்தார். அஸர் தொழுகை நேரத்துக்கு ஏர்போர்ட் கிளம்புகிறவரிடம் அது போயாக வேண்டும்.

அப்போது காலிங் பெல் அடித்தது. உம்மா எட்டிப் பார்த்தாள். விசா கொடுத்த அரபி, எங்கள் கஃபீல். ஒருநாளும் வீட்டுக்கு வராதவர். சாச்சா கதவுக்குப் போனார், தாள் மேசையிலேயே கிடந்தது. நான் கிழித்துக் கிழித்து வாயில் போட்டேன். கஃபீல் என் கன்னத்தைக் கிள்ளியபோது கடைசி வாய் தொண்டையில் நின்றது.

அவர் பேரீச்சம்பழம் கொடுக்க வந்திருக்கிறார். கொடுத்தார், டீ குடித்தார், போய்விட்டார்.

“தாள் எங்கே மவளே?”

“தின்னுட்டேன் சாச்சா.”

உம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாச்சா சிரிக்காமல் வேறு தாள் எடுத்தார். நாலு பெயர் வந்தது. ஐந்தாவது வரவில்லை. கீழே ஏர்போர்ட் போகிற டாக்ஸிக்காரன் ஹார்ன் அடித்தான்.

“அந்த அமெரிக்காக்காரருக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சே?” என்று கேட்டேன்.

“அவருக்கு யாரு ஜெயிச்சான், யாரு தோத்தான்னு தெரிஞ்சாப் போதும் மவளே.”

மறுநாள் கேம்ப்புக்கு ஓடினார். அங்கிருந்தவர்களை வேறெங்கோ மாற்றியிருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பத்திரிகை வந்தது. நாலு பெயர், பிறகு ‘மற்றும் ஒருவர்’. குடும்பத்தையே காப்பாற்றியும் இதை ஸ்கூலில் காட்டிப் பெருமையடிக்க முடியவில்லையே என்பதுதான் அன்றைக்கு என் கவலை. அந்த ஒருவர் வீட்டில் இன்னும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.