ஆரின்ர வருசம் இது?

நான் சாரிப் பிளவுஸ் தைக்கிறனான். பாலையூற்றில எங்கட வீட்டு முன்னறையில மெசின் போட்டுக் கனகாலம். கலியாணத்துக்குத் தைக்கக் குடுக்கிற ஆக்கள் நாள் மறந்துபோகாமல் இருக்கத் துணியோட கார்டையும் தந்திட்டுப் போவினம். கிண்ணியாப் பிள்ளையளின்ர கார்டில ஹிஜ்ரி வருசம் இருக்கும். வேதக்காரரின்ர கார்டில ஆண்டவர் பிறந்ததில இருந்து எண்ணின வருசம். எங்கட சைவக் கார்டெண்டால் 'நிகழும் மங்களகரமான' எண்டு தமிழ் வருசத்தின்ர பேரோட தொடங்கும். என்ர வீட்டுக்காரர், இவர், ஹாபரில, துறைமுகத்தில வேலை. அங்க கூட வேலைசெய்யிற சிங்கள ஆள் வருசாவருசம் தாற பன்சலைக் கலண்டரில, அவையின்ர விகாரையில அடிக்கிறது, புத்த வருசம். நாள் போட்ட வரியைப் பாத்தாலே அந்த வீட்டில புரியாணியோ மரக்கறிச் சாப்பாடோ எண்டு சொல்லிப்போடுவன். அவ்வளவு பழக்கம்.

அப்பிடிப்பட்ட எனக்கு என்ர சொந்த மகளின்ர கலியாணக் கார்ட் விளங்கேல்ல.

அச்சகத்தில இருந்து கட்டு வந்தது. பிரிச்சுப் பாத்தன். தமிழ் வருசம், மாதம், நல்லநேரம் எல்லாம் நான் எழுதிக் குடுத்தபடி இருந்தது. அதுக்குக் கீழ 'மனித ஆண்டு' எண்டு போட்டு, பன்னீராயிரத்தில தொடங்கிற ஒரு இலக்கம். ஆரின்ரயோ போன் நம்பர் மாறி வந்திட்டுதெண்டுதான் நினைச்சன். உடன அச்சகத்துக்குப் போன் எடுத்துக் கிழிகிழியெண்டு கிழிச்சன். அந்த மனுசன் பாவம், நான் மூச்சு வாங்கிற இடைவெளி பாத்து, அது உங்கட மகள் சேக்கச் சொன்னது அக்கா எண்டார். எனக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல.

மகள் ரியூசனில விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். முப்பதைத் தாண்டினவள். வந்த கலியாணப் பேச்செல்லாத்தையும் மூக்கு நீளம், கதை கூட எண்டு தட்டிக் கழிச்சவள். கடைசியா கடற்கரைப் பக்கம் சல்லி ஊரில இருந்து வந்த ஒரு சம்பந்தத்துக்குத்தான் ஓமெண்டவள். பொடியனுக்கு ஹாபரில கடலாழம் அளக்கிற பகுதியில வேலை. நிச்சயம் முடிஞ்ச நாளில இருந்து ரெண்டும் போனும் கையுமாத்தான் இருந்ததுகள். அவளின்ர முகத்தில அப்பிடியொரு சந்தோசத்தை நான் அதுக்கு முதல் கண்டதில்லை. இது எப்பிடியும் நடக்கோணுமெண்டு நான் வேண்டாத தெய்வமில்லை.

ரியூசனால வந்தவளிட்டை இதென்ன கூத்தெண்டு கேட்டன். சிரிச்சுக்கொண்டு சொன்னாள். இப்ப நடக்கிற இங்கிலீசு வருசத்தோட பத்தாயிரத்தைக் கூட்டினால் இது வருமாம். மனுசர் ஓரிடத்தில குந்தி, விதைச்சு, வீடு கட்டத் தொடங்கின காலத்தில இருந்து ஒரு உத்தேசமா எண்ணிறதாம். அப்ப கிறிஸ்துவுக்கு முன்னமும் இல்லை, பின்னமும் இல்லை, எல்லாற்ற முப்பாட்டனும் ஒரே எண்ணிக்கைக்குள்ள வந்திடுவினமாம். உலகத்தில சில பேர் இப்பிடி எழுதீனமாம். விசரே உனக்கு எண்டன். குந்தி விதைச்சவன் உன்ர கலியாணத்துக்கு மொய் எழுத வரப்போறானோ எண்டும் கேட்டன். அவள் பிறகும் சிரிச்சாள்.

அதுக்குள்ள இவர் வெத்திலை பாக்கோட முதல் கார்டைச் சல்லிக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டார். வாசிச்சுப் பாக்காமல் குடுத்த மனுசன், அவை தங்கட பக்கத்துக்கு அடிச்ச கார்டொண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளே பொடியனின்ர தாயும் தகப்பனும் வந்திட்டினம். பொடியனும் வந்தவர். தாய் கதிரை நுனியில இருந்தா. நான் குடுத்த தேத்தண்ணியைத் தொடேல்ல. கார்டை எடுத்து மேசையில வைச்சு, அந்த வரியில விரலை ஊண்டி, நீங்கள் எந்தச் சபையில சேந்திருக்கிறீங்கள் எண்டு கேட்டா. எனக்குத் தலையில இடி விழுந்தமாதிரி இருந்தது. நாங்கள் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போற சனம். இவர் நெத்தியில திருநீறில்லாமல் கேற்றைத் தாண்டமாட்டார்.

அவவையும் குறை சொல்ல ஏலாது. அவவின்ர கூடப்பிறந்த தங்கச்சி மதம் மாறி ஏதோ ஜெபச் சபையில சேந்தவ. பிறகு தாய் செத்து முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கும் வரேல்லயாம். இன்னொருக்கா என்ர வீட்டுக்குள்ள அது வர விடமாட்டன் எண்டா. மகள் நல்ல பணிவாத்தான் விளங்கப்படுத்தினவள். இது ஒரு சமயத்தின்ரயும் இல்லை மாமி, எல்லாருக்கும் பொதுவானது எண்டாள். அதுக்கு அவ கேட்டது இண்டைக்கும் என்ர காதுக்குள்ள நிக்குது.

"அதெப்பிடிப் பிள்ளை? வருசமெண்டால் அது ஆரின்ரயோ தானே. இது ஆரின்ர வருசம்?"

உண்மையைச் சொன்னால் என்ர மனதிலயும் அதே கேள்விதான். எத்தினை கார்ட் பாத்திருப்பன், ஆள் இல்லாத வருசத்தை நான் கண்டதேயில்லை. பொடியன் குனிஞ்சபடி இருந்து தேத்தண்ணியைக் குடிச்சுமுடிச்சார். பெரியாக்கள் கதைக்கேக்க குறுக்க வராத நல்ல பிள்ளையெண்டு நான் நினைச்சன். பாருங்கோ என்ர புத்தியை.

கடைசியாத் தாய் ஒரு முடிவு சொன்னா. வாற வெள்ளிக்கிழமை சல்லி அம்மன் கோயிலுக்கு வாங்கோ, பிள்ளை கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும், பண்ணினால் கலியாணம் நடக்கும், இல்லாட்டி இதோட விட்டிடுவம் எண்டா. என்ர பிள்ளை என்ன களவெடுத்தவளோ எண்டு இவர் எழும்பினார். நான் அவரை இழுத்து இருத்தினன். பிறகு குசினிக்குள்ள மகளைப் பிடிச்சு மண்டாடினன். ஆயிரம் பொய்யைச் சொல்லி ஒரு கலியாணத்தை முடிக்கச் சொல்லியிருக்கினம், நீ ஒரு மன்னிப்புத்தானே கேக்கப்போறாய், என்ர விசர்க்கதை எண்டு சொல்லிப்போட்டு விடு எண்டன். அவள் பானையைக் கழுவிக்கொண்டு, பாப்பம் அம்மா எண்டு மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை போனம். கடல்காத்து கடுமையா அடிச்சது. பூசை முடிஞ்சு சனம் கலைஞ்ச பிறகு, பொடியனின்ர தாய் கோயில் வாசலில ஒரு வெத்திலையில கற்பூரத்தை வைச்சுக் கொளுத்தினா. ரெண்டுதரம் நூந்துபோச்சு. தகப்பன் இடுப்பில உடுத்த சறத்தை விரிச்சு மறைச்சுப் பிடிக்கத்தான் பத்தினது. நான் சொல்லச் சொல்லச் சொல்லு பிள்ளை எண்டா. நான் ஒரு சபையிலயும் சேரேல்ல, அந்த இலக்கம் என்ர புத்தியில வந்த பிழை, இனி அதை எழுதமாட்டன். இவ்வளவுதான் சொல்லவேண்டியது.

மகள் உடன சொல்லேல்ல. பொடியனைப் பாத்தாள். நல்லா நேரமெடுத்துப் பாத்தாள். அவர் கரையில இழுத்துவிட்டிருந்த வள்ளங்களைப் பாத்துக்கொண்டு நிண்டார். என்ன பாக்கிறாய், சொல்லன் எண்டு எனக்குள்ள கொதிச்சது.

"நான் ஒரு சபையிலயும் சேரேல்ல. இது சத்தியம்" எண்டாள். கற்பூரத்தில பளாரெண்டு அடிச்சாள், நெருப்பு நூந்துது. பிறகு சொன்னாள், "மற்றதைச் சொல்ல ஏலாது மாமி. அந்த இலக்கம் என்ர புத்தியில வந்ததில்லை. அம்மாளுக்கு முன்னால நான் பொய் சொல்லமாட்டன். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் இஞ்சதான் நிக்கிறார்."

போனில மணிக்கணக்காக் கதைச்சதெல்லாம் இதுதானோ! எங்கட கார்டில போடச் சொல்லிக் குடுத்தவரின்ர வீட்டுக் கார்டில அந்த வரி இல்லையே எண்டது அப்பதான் எனக்கு உறைச்சது. தன்ர வீட்டை மறைச்சுப்போட்டு என்ர பிள்ளையை முன்னுக்குத் தள்ளியிருக்கிறார். என்ர வீட்டில குந்தி, அவளுக்கு விழுந்த பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு தேத்தண்ணி குடிச்சவர்.

தாய் மகனைப் பாத்தா. அவர் தனக்கு ஒண்டும் தெரியாதெண்டார். சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வாறமாதிரி வந்தது.

அவ இன்னொரு கற்பூரத்தை எடுத்து வைச்சுக் கொளுத்தினா. இந்தமுறை நான்தான் சாரித் தலைப்பால மறைச்சுப் பிடிச்சன். அடிச்சுச் சொல்லு தம்பி எண்டா. அவர் கையைத் தூக்கினார். அந்தரத்தில கை அப்பிடியே நிண்டது. பிறகு காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள போட்டிட்டார். கற்பூரம் தன்பாட்டில எரிஞ்சு முடிஞ்சுது, வெத்திலை கருகிச்சுது.

தகப்பன் சிரிக்கப் பாத்தார். இதென்ன சின்ன விசயம், இளம்பிள்ளையள், விடுங்கோ, நாள் குறிச்சபடி நடக்கட்டும் எண்டார். எனக்கும் ஒரு நிமிசம் அப்பாடா எண்டுதான் இருந்தது. சபைக்கதை முடிஞ்சுது, இனிக் கலியாணம் நடக்கும். நான் மகளின்ர கையைப் பிடிக்கப் போனன்.

அதுக்குள்ள அந்தத் தாய் அவளின்ர கையைப் பிடிச்சிட்டா. உள்ளங்கையில ஒட்டியிருந்த கரியைத் தன்ர சாரியால துடைச்சுக்கொண்டு சொன்னா.

"எந்த வருசத்தையும் எழுது பிள்ளை, நான் பொறுப்பன். இவனைக் கட்டாத. ஒரு இலக்கத்துக்கே உன்னை விட்டிட்டு நிக்கிறான், நாளைக்கு எதுக்கு நிப்பான்? குடுத்த கார்டையெல்லாம் வீடு வீடாப் போய்த் திருப்பிக் கேக்கிற வெக்கம் என்னோட போகட்டும்."

பெத்த தாய். அம்மன் வாசலில. தன்ர ஒரே மகனை.

தகப்பன் ஏதோ கத்தினார், பொடியன் வான் வண்டியடிக்கு நடந்திட்டார், இவர் என்னைப் பாக்கிறார், நான் இவரைப் பாக்கிறன். என்ர வாயில ஒரு சொல்லு வரேல்ல. ஊர்ச்சண்டைக்கெல்லாம் பேர்போன வாய்.

மகள் பிறகு அந்த மனுசியின்ர தோளில முகத்தை வைச்சு அழத் தொடங்கினாள். அவவும் அழுதா. மருமகளாப் போகப்போறதில்லையெண்டு முடிவான அந்த நிமிசத்தில, என்ர பிள்ளை அவவைத்தான் பிடிச்சு அழுதாள். நான் பக்கத்திலதான் நிண்டனான்.