சிவப்பு டீசலும் என் மாப்பிள்ளையும்

கை நீட்டிக் காசு வாங்கினதால்தான் என் மாப்பிள்ளையை வேலையிலிருந்து துரத்தினார்கள் என்று எதிர்வீட்டுக்காரி இன்னொரு முறை சொல்லட்டும், வாசலில் வைத்தே பதில் சொல்கிறேன். யாரும் துரத்தவில்லை. அவராகத்தான் வெளியே வந்தார்.

வரி ஆபீசில் அவருக்கு வேலை, வண்டிகளின் டேங்கில் கண்ணாடிக் குழாயை விட்டு டீசலின் நிறம் பார்ப்பது. எனக்கு எழுத்து தெரியாதென்று ஒருநாளும் என்னை ஒதுக்கியதில்லை. கேட்டால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்வார்.

"ரோட்டைத் தேய்க்கிற வண்டிதான் அத்தை ரோட்டுக்கு வரி கட்டணும். எவன் எவ்வளவு தூரம் ஓட்டினான்னு பின்னாடியே போய்ப் பார்க்க முடியுமா? அதான் டீசல்லயே வரியைச் சேர்த்துட்டாங்க. நிறைய ஓட்டினா நிறைய ஊத்தணும்ல."

"தண்ணி மோட்டார் எங்க ரோட்டுல ஓடுது மாப்பிள்ளை?"

"ஓடல. அதனால அதுக்கு வரி இல்ல. அந்த டீசல்ல சிவப்புச் சாயம் கலந்து விப்பாங்க. வண்டி டேங்க்ல சிவப்பு தெரிஞ்சா ஆளு மாட்டிக்கிட்டான்."

இதைவிட நியாயமான வரியை நான் கேட்டதில்லை. அவரும் அப்படித்தான் நம்பினார். சொந்தத் தம்பியின் பால் வேனில் சிவப்பு வந்தபோதுகூட விடவில்லை. வேன் இரண்டு மாதமாக ஆபீஸ் வாசலில் நிற்கிறது. தம்பி அண்ணனோடு பேசுவதில்லை.

வேலையை விட்ட அன்றைக்குக் காலையில் சோதனைக்குக் கிளம்பும்போது, பழக்கதோஷம், ஆபீஸ் ஜீப்பிலேயே குழாயை விட்டுவிட்டார். பீட்ரூட் சாறு மாதிரி வந்தது. குழாயும் கையுமாக அதிகாரியின் அறைக்குப் போனார்.

"ஜெனரேட்டருக்கு வாங்கினதுய்யா. மிச்சம் இருந்துச்சு, ஊத்தினோம்."

"ஜீப்பு ரோட்டுலதானே சார் ஓடுது?"

"ரோட்டுல ஓடல. கடமையில ஓடுது."

மாப்பிள்ளை அபராதச் சீட்டை எழுதி நீட்டினார். அதிகாரி அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அண்டை கொடுத்தார்.

"உக்காருய்யா, டீ வருது."

"ஜீப்பை நிறுத்துங்க சார். இல்ல, என் தம்பி வேனை விடுங்க."

"ரெண்டும் ஆகாது."

"அப்ப நான் கிளம்பறேன்."

குழாயை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். விஷயம் தெரியாத டிரைவர் ஜீப்பின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கண்ணே, வீட்டுல விட்டுடறேன்."

மாப்பிள்ளை ஏறவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி, தம்பியின் வேனைத் தாண்டி, ரோட்டில் இறங்கி நடந்தார்.