பூக்காத மூலை

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவில் இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கல்லறை இல்லை. பெயர் பொறித்த கல்லும் இல்லை. ஜெர்மனியின் ஹம் நகர மயானத்தின் ஓரத்தில், காட்டுப் பூக்கள் நிறைந்த ஒரு வெளியின் மண்ணுக்குள் அவருடைய சாம்பல் இருக்கிறது. அந்த வெளியை உண்டாக்கிய கைகளில் அப்பாவின் கைகளும் உண்டு.

அப்பா ஊரில், குப்பிழான் கிராமத்தில், செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் விளைவித்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அவர் நடை பழகியதே தோட்ட வரம்பில்தான் என்று சித்தப்பா சொல்லுவார். எண்பதுகளில் அகதியாக இந்நாட்டுக்கு வந்து, பல வருடங்கள் உணவகங்களில் கோப்பை கழுவினார். அதன்பிறகே மயானத்தில் தோட்ட வேலை கிடைத்தது. "போயும் போயும் சுடலையிலயோ வேலை?" என்று அம்மா முகம் சுளித்தாராம். "ஓம், அங்க இருக்கிறவை ஒருத்தரும் என்னோட சண்டைக்கு வரமாட்டினம்" என்றாராம் அப்பா.

இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்த பின், மயானத்தின் வெறுமையான ஒரு பகுதியைப் பூவெளியாக்கி, கல் வேண்டாம் என்பவர்களின் சாம்பலை அங்கே அடக்கம் செய்வதென்று முடிவானது. அப்பா 'செஃப்', அதாவது முதலாளி, என்றே அழைத்த அவருடைய ஜெர்மன் மேலாளர், முதல் வேலையாக மேல்மண்ணை வழித்து அகற்றச் சொன்னார். வளமான மண்ணில் புல் கொழுத்துப் பூச்செடிகளை மூடிவிடும் என்பது அவருடைய விளக்கம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தங்கமான மண், லொறி லொறியாய் அள்ளிக்கொண்டு போறாங்கள்!" என்று வீட்டுக்கு வந்து புலம்பினார். பசளை இல்லாமல் என்ன பூக்கும்? செஃப்புக்குத் தலையாட்டிவிட்டு வந்தாரே தவிர, ஒரு சொல்லையும் நம்பவில்லை.

புரட்டாதியில், பனிப்புகார் படர்ந்த ஒரு காலை, மணலோடு விதையைக் கலந்து அப்பா வீசி விதைத்தார். பாடசாலைக்குப் போகும் வழியில் நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். புகாருக்குள் அவருடைய கால்கள் தெரியவில்லை. கை மட்டும் விரிந்து விரிந்து மிதந்து போனது. இன்றும் அது என் கனவில் வருகிறது. கனவில் அப்பா திரும்பிப் பார்ப்பதில்லை. விதைத்துக்கொண்டே போகிறார், வெளியும் முடிவதில்லை.

ஆனால் அதற்கு முதல் நாள், செஃப் வருமுன், அப்பா ஒரு திருவிளையாடல் செய்திருந்தார். குதிரை லாயம் ஒன்றிலிருந்து எரு கொண்டுவந்து, வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரத்தடியில் இரண்டு பாய் விரிக்கும் அளவு நிலத்தில் கொத்திக் கலந்துவிட்டார். அடுத்த ஆனியில் வெளி முழுவதும் நீலமும் சிவப்பும் வெள்ளையுமாக அசைந்தது. அப்பாவின் மூலையில் மட்டும் இடுப்பளவு புல்லும், தொட்டால் அரிக்கும் காஞ்சோண்டியும்! பூ மருந்துக்கும் இல்லை. செஃப் விழுந்து விழுந்து சிரித்தாராம். புல்லை வருடாவருடம் வெட்டி அகற்றினால் அந்த வளமும் மெல்லக் குறையும், பூக்கள் உள்ளே வரும் என்று ஆறுதலும் சொன்னாராம்.

"மண் பசியோட கிடந்தால்தான் பூக்குமாம். நான் வயித்தை நிரப்பிப்போட்டன்" என்றார் அப்பா, சாப்பாட்டு மேசையில். அன்றிலிருந்து அந்த இடத்துக்கு 'என்ர பிழை' என்றுதான் பெயர்.

நோய் முற்றியபோது, "அண்ணையைக் கீரிமலைக் கடலில கரைக்கவேணும்" என்று சித்தப்பா அழுதார். ஊரில் கீரிமலையோ போரினால் இராணுவ வேலிக்குள் இருந்தது. சாம்பலை வீட்டில் வைத்திருக்க இந்நாட்டுச் சட்டமும் விடாது. அப்பாவே ஒரு முடிவு சொன்னார். தன்னை அந்த வெளியில் வைக்கச் சொன்னார். அம்மா உடைந்துபோனார்.

"கல்லும் இல்லை, பேரும் இல்லை. நான் எங்க நிண்டு உங்களைக் கும்பிடுறது?"

"என்ர பிழை இருக்கிற இடத்தில வந்து நில்லும். அங்கதான் இருப்பன்."

சென்ற ஐப்பசியில் அப்பா எங்களைப் பிரிந்தார். செஃப் தாமே அந்த மூலையில் குழி வெட்டினார். சித்தப்பா தேவாரம் பாடினார்.

இந்த ஆனியில் அம்மாவும் நானும் போனோம். வெளியெங்கும் பூக்களும் தேனீக்களின் இரைச்சலும். அம்மா யாரையும் கேட்கவில்லை. பூக்களுக்கு நடுவே பச்சையாகக் கிடந்த அந்த மூலைக்கு நேரே நடந்துபோய் நின்றார். ஆனால் இரண்டு பாய் நிலம் ஒன்றரைப் பாயாகச் சுருங்கியிருந்தது. ஓரத்தில் வெள்ளைப் பூக்கள் நுழைந்திருந்தன.

"பாருங்கோ அம்மா, அப்பாவிட்டப் பூ வந்திருக்கு" என்றேன் மகிழ்ச்சியோடு.

அம்மா கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு பொலித்தீன் பையில் மாட்டெரு! குனிந்து, ஒரு பிடி அள்ளித் தூவினார்.

"ஐயோ அம்மா, என்ன செய்யிறியள்? செஃப் கண்டால்!"

"காணட்டும். பூ வந்து மூடிச்செண்டால் நான் உன்ர அப்பாவை எங்க போய்த் தேடுறது?"

அழுதேன். பிறகு நானும் ஒரு பிடி அள்ளினேன்.

அப்பாவின் நோய்க்காலத்தில் பார்த்துப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், முப்பத்தொரு நாளும் எங்கள் அடுப்பை எரியவிடாமல் சமைத்துத் தந்த அயலவர்கள், தூர நகரங்களிலிருந்து ரயிலேறி வந்து எங்களோடு இருந்த உறவுகள், அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செஃப்புக்குத் தனி நன்றி. அந்த மூலை ஏன் இன்னும் மெலியவில்லை என்று அவர் சென்ற மாதம் என்னிடம் கேட்டுத் தலையைச் சொறிந்தார். தெரியாது என்றேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் அருள்கூர்ந்து சொல்லிவிடாதீர்கள். அம்மா இருக்கும்வரை அந்த மூலை பூக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மகள்