அம்மா குடித்த தண்ணீர்

வேகவதிக் கரையில் உள்ள அந்தச் சாயப்பட்டறைக்கு நாங்கள் சோதனைக்குப் போனபோது, பட்டு நூல் கழிகளை அலசிக்கொண்டிருந்த பெண்களில் என் அம்மாவும் ஒருத்தி. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் நான் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அம்மா சாயத் தண்ணீரில் கை ஊறித்தான் என்னைப் படிக்க வைத்தாள். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் எந்தப் பட்டறைக்குப் போகிறோம் என்பதை, ஜீப் கிளம்பும்வரை அதிகாரி சொல்லவில்லை.

பின்புறம் சுத்திகரிப்புத் தொட்டிகள் இருந்தன. சாயக் கழிவு அவற்றில் தெளிந்த பிறகுதான் ஆற்றில் விழவேண்டும். கடைசித் தொட்டியில் தண்ணீர் பளிச்சென்று நின்றது. மாதிரி எடுக்க நான் பாட்டிலைத் திறந்ததும் முதலாளி சிரித்தார்.

"பாட்டில்லாம் எதுக்கு மேடம்? உங்க அம்மாவே இங்கதான வேல செய்யறாங்க."

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி கைதட்டி அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க வா. உன் பொண்ணு இந்தத் தண்ணிய விஷம்ன்றா. ஒரு டம்ளர் குடிச்சிக் காட்டு. காலேஜ் படிச்சவ நம்பட்டும்."

அலசிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். "குடிச்சிடுக்கா, நாக்கு ஜாக்கெட்டுக்கு மேட்சா வரும்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும்.

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, டம்ளரில் மொண்டு, ஒரே மூச்சில் குடித்தாள். "போதுமா?" என்று முதலாளியைத்தான் கேட்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. என் அம்மாவை எனக்குத் தெரியும். எங்கள் தெரு போர்வெல் தண்ணீரில் சாய வாடை அடிக்கத் தொடங்கியதிலிருந்து, கல்யாண வீட்டில் கொடுத்தால்கூட மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டாள். இப்போது மோந்து பார்க்காமல் குடித்துவிட்டாள். அப்படியென்றால் அது குழாய்த் தண்ணீர். அவளே தொட்டியில் ஊற்றியது.

"சார், இது நல்ல தண்ணி. நமக்காகத் தொட்டியில ஊத்தி வெச்சிருக்காங்க. கழிவு வேற வழியா போவுது."

"எப்படிம்மா சொல்ற?"

"எங்க அம்மா மோந்து பாக்காம குடிச்சாங்க சார்."

அலசும் இடத்திலிருந்து போன கால்வாயைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு குழாய் ஆற்றுக்குள் இறங்கியது. அதன் வாயில் ரோஜா நிற நுரை. என் பாட்டிலை அங்கே நிரப்பினேன்.

அலசும் இடத்துக்கு வந்தோம். முதலாளி என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "ஒரு டம்ளர் தண்ணி குடிக்கத் தெரியல உனக்கு. இனிமே எவன் உனக்கு வேல குடுக்கறான்னு பாக்கறேன்."

பட்டறைக்கு முத்திரை வைத்தார்கள். அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். வேலை போன பெண்கள் என்னைத் தெருவில் கண்டால் காறித் துப்பினார்கள். நான் செய்தது சரி. மறுபடியும் அதையே செய்வேன்.

சீல் வைத்த அன்று சாயங்காலம் அம்மா கேட்டாள்: "உன் வேலைக்கு என் வாய்தான் கெடச்சுதாடி?"

"அந்தப் பைப்பு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? இத்தினி வருசமா அங்கதான நின்னுக்கினு இருந்தேன். அந்தப் பைப்புலதான்டி நீ படிச்ச."

இப்போது அவளுக்கு வேறொரு பட்டறையில் வேலை கிடைத்திருக்கிறது. எதுவென்று என்னிடம் சொல்ல மாட்டாள். கை தெரியாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நேற்று தட்டைக் கழுவும்போது பார்த்துவிட்டேன். நகக்கண்ணெல்லாம் கிளிப்பச்சை.

இன்று காலை அலுவலகம் போகும் வழியில் பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தினேன். கீழே ஆற்றின் ஓரமாக அதே பச்சை, ஒரு கோடாக வந்துகொண்டிருந்தது. அது வரும் பக்கம் பார்த்து வண்டியைத் திருப்பினேன்.