யாருடைய வெள்ளாமை

போன வாரம் அக்கா மகனின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்து சேர்ந்தது. சணலை அறுத்ததும் புது மையின் வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. மண்ணெண்ணெயும் பசையும் கலந்தாற்போல ஒரு வாசம். எல்லோரும் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்றுகொண்டேன். "என்ன மாமா, ஒங்க பேரச் சின்னதாப் போட்டுட்டோம்னு கோவமா?" என்றான் மாப்பிள்ளை. அவன் கவலை அவனுக்கு.

எனக்கு அது கல்யாண வாசம் இல்லை. அஜ்மான் வாசம்.

இரண்டாயிரங்களின் நடுவில், துபாயை ஒட்டிய அந்த ஊரில் ஒரு சின்ன அலுவலகத்தில் விளம்பரத் தாள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கீழே டயர் கடை. ஜூலை மாதத்தில் ரப்பர் வெந்து அந்த வாடை படியேறி வரும். மேலே அச்சகத்திலிருந்து வந்த தாள்களின் மை வாடை. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து நான் வசன கவிதை எழுதுவேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே எழுதினேன். வாடகை மலிவு என்று அஜ்மானில் படுத்து துபாயில் வேலை பார்த்தவர்கள், வாழ்நாளில் பாதியை முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தே கழித்தார்கள். எனக்குக் கட்டிலும் கம்ப்யூட்டரும் ஒரே தெருவில். அதையே ஒரு பெரிய பாக்கியம் என்று ஊருக்குக் கடிதம் எழுதிய ஆள் நான்.

அந்த வருஷம் நிலம் விற்கும் கம்பெனி ஒன்று எங்களைப் பிடித்தது. அப்போது வளைகுடாவில் எல்லோரும் எதையாவது விற்றார்கள். கடலுக்குள் இல்லாத தீவைக்கூட விற்றார்கள். இவர்கள் விற்றது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், ஒரு எரிமலையின் காலடியில் கிடந்த தாழ்நிலம். மாவட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். அந்த ஊர் யாருக்கும் ஒரு தப்பும் செய்யவில்லை. மலை எப்போதோ கக்கிய சாம்பல் இறங்கி ஊறி, கறுகறுவென்று கிடக்கும் மண். பாதி நிலத்தில் பண்ணை, பாதியில் விடுதி, பக்கத்தில் வெந்நீர் ஊற்று. பயிரிலும் பங்கு, வருகிற டூரிஸ்டிலும் பங்கு. வேண்டுமென்றால் வாங்கியவரே வந்து தங்கி வெள்ளாமை பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் ஆக்குவது என் வேலை. விற்பனை மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், சிரித்த முகம். நான் எழுதியதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"எரிமலைன்னு போடாதீங்க. ஆளு ஓடிருவானுங்க."

"மலை எரியுது சார். வேற என்னன்னு போட?"

"நீங்கதான் கவிதையெல்லாம் எழுதுவீங்களாமே. ஏதாவது போடுங்களேன்."

போட்டேன். 'மலை உருகித் தந்த மண். யார் கையும் படாத மண்.' மேனேஜர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். என் வரியை ஒருவர் வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை. அந்த டீயின் இனிப்பு இன்னும் நாக்கில் கசக்கிறது.

விளம்பரத் தாளின் அட்டைக்கு வந்த படத்தில் ஒரு வாழைத்தோட்டம். அதன் இடது ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். மஞ்சள் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கையில் மண்வெட்டி. படம் எடுப்பவனைப் பார்த்து 'என்ன வேணும்?' என்று கேட்பதுபோல் ஒரு பார்வை. யார் கையும் படாத மண்ணில் மண்வெட்டியோடு ஒருத்தி நிற்கக்கூடாதல்லவா? மேனேஜர் விரலால் அவளைத் தொட்டு, "இத எடுத்துருங்க" என்றார். பக்கத்து வாழையின் இலை ஒன்றை நகலெடுத்து அவள்மேல் ஒட்டினேன். பத்து நிமிஷ வேலை. ஒட்டின தடம் தெரியவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது. ஒருவர் நின்ற இடத்தை இலையால் மூட இவ்வளவுதான் நேரம் ஆகிறது.

வெள்ளிக்கிழமைகளில், தொழிலாளர்கள் தங்கும் லேபர் கேம்ப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் கடை விரிப்போம். பிளைவுட் பலகையில் மனைகளின் வரைபடம். விற்ற மனைக்குச் சிவப்புப் பொட்டு. ஒன்றுகூட விற்காத முதல் நாளே, கூட்டம் வருவதற்கு முன்னால் இருபது முப்பது பொட்டுகளை நானே ஒட்டினேன். அழகாகச் சிதறி ஒட்ட வேண்டும், ஒரே இடத்தில் குவியக்கூடாது என்று அதிலும் ஒரு கலை பார்த்தேன்.

அங்கேதான் கருப்பையா அண்ணன் வந்தார். கமுதிப் பக்கத்து ஆள், கம்பி கட்டும் வேலை, வளைகுடாவில் பதினெட்டு வருஷம். ஊரில் அவர் நிலத்துப் போர்த்தண்ணீர் உப்பாகி, கருவேலம் ஏறிவிட்டது. லாபக் கணக்கு எதையும் அவர் கேட்கவில்லை. உடம்பில் தெம்பு இருக்கும்போதே, தண்ணீருக்கு அலைய வேண்டாத மண்ணில் ஒரு தடவை வெள்ளாமை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அந்த மண்ணை வாங்கிவிட்டால் அடுத்த வருஷமே கம்பி வேலைக்கு கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிடலாம் என்றார்.

அவர் அறைக்காரர்கள் விடுவார்களா?

"அண்ணே, அங்க சிங்கம் இருக்காம்ல. அதுக்கும் விசா குடுக்க ஒரு கபீல் உண்டா?"

"நம்ம போர்மேனப் பாத்தவனுக்குச் சிங்கம் என்னடா சிங்கம்."

"தரைக்குள்ள இருந்து வெந்நி வருதாம்ணே."

"ஆகஸ்ட் மாசம் நம்ம பாத்ரூம் பைப்ப விடவா? அதப் பாக்க எவன்டா டூரிஸ்டு வாரான்?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒனக்கு எந்தூரு?"

"மானாமதுரைண்ணே."

"அட, நம்ம பக்கந்தான். இங்கிட்டுப் பாரு. இந்த எலையும் அந்த எலையும் ஒரே மாதிரிக் கிழிஞ்சிருக்கு. காத்து அப்படிக் கிழிக்காதே."

பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அச்சுல அப்பிடித்தாண்ணே வரும்."

"சரி, அது ஒங்க தொழிலு. ஆனா யார் கையும் படாத மண்ணுன்னு போட்டிருக்கே, வரப்பு கோடு போட்டாப்புல ஓடுது. களை ஒன்னு இல்ல. யாரு வெள்ளாமை இது? ஆளு இருந்தாச் சொல்லிரு தம்பி. அடுத்தவுக வெள்ளாமைல போயிக் கால வைக்கிறதுக்கு நான் இங்கயே கெடந்து சாவேன்."

மேனேஜர் அப்போது வெளியே போனில் இருந்தார். இதை நான் சொல்லியாக வேண்டும்: யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 'ஆள் இருக்காங்கண்ணே' என்று இரண்டே சொல் போதும். அதற்குப் பதிலாக,

"கம்பெனி ஆளுகண்ணே. மாதிரிக்குப் போட்டது" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது. "நம்ம பக்கத்து ஆளு சொன்னாச் சரிதான்" என்று சொல்லி, வரைபடத்தில் வாய்க்காலை ஒட்டியிருந்த ஒரு மனைமேல் விரலை வைத்தார். கம்பி கிழித்த தழும்புகள் நிறைந்த விரல். அந்த மனைமேல் நான் ஒட்டிய பொட்டுதான் அந்தப் பலகையின் முதல் உண்மையான சிவப்பு.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் லீவை, ஊருக்குப் போகாமல் அந்த மண்ணைப் பார்க்கப் போய்க் கழித்தார். வாங்கியவர்களை ஒரு கூட்டமாகச் சுற்றிக்காட்ட அழைத்துப்போனது கம்பெனி. திரும்பி வந்த மறுநாள் மாலை, டயர் கடைப் படியில் எனக்காக உட்கார்ந்திருந்தார். கோபமாக வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆசையாகத்தான் பேசினார்.

"மண்ணுன்னா அதுதான் தம்பி மண்ணு. கைய வச்சா முழங்கை வரைக்கும் எறங்குது. வேன்லயே வச்சுச் சுத்துனான், எறங்க விடல. ஒன்னுக்குப் போகணும்னு சொல்லி எறங்கி, கல்லு நம்பரு பாத்துப் பாத்து என் எடத்துக்குப் போயிட்டேன். அவரைச்செடி போட்டிருக்காக, வாழை போட்டிருக்காக. வெள்ளாமைக்கு நடுவுல நம்ம கம்பெனிக் கல்லு, வெள்ளையடிச்சு நட்டுருக்கு. ஒரு அம்மா அந்தக் கல்லுல அருவாளத் தீட்டிக்கிட்டு இருக்கு."

"என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்ல? அது பாசை எனக்குத் தெரியாது. என்னய டூரிஸ்டுன்னு நெனச்சு ஒரு சீப்புப் பழம் குடுத்துச்சு. பத்திரம் என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு. எடுக்கல. சும்மா நிக்க ஒருமாதிரியா இருந்துச்சு, அது மம்பட்டிய வாங்கி ஒரு பாத்திக்குக் களை கொத்திக் குடுத்துட்டு வந்துட்டேன்."

சொல்லிவிட்டேன். மஞ்சள் துணியை, மண்வெட்டியை, நான் ஒட்டிய இலையை, எல்லாவற்றையும் படியில் உட்கார்ந்து சொன்னேன். அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன், அதுவும் ஒரு சுயநலம்தான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "படத்துல எந்தப் பக்கம் நின்னுச்சு?"

"இடது பக்கம்ணே."

தலையை ஆட்டிக்கொண்டார். அதே பெண்தானா என்று நான் கேட்கவில்லை.

மனையைத் திருப்பிக்கொள்ளக் கம்பெனி மறுத்தது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று மேனேஜர் அதே சிரித்த முகத்தோடு சொன்னார். நான் தமிழாக்கிய ஒப்பந்தத்தில், திருப்பிக்கொள்ள மாட்டோம் என்பது இன்னும் தெளிவாகவே எழுதியிருந்தது. ஊரில் அவர் மகளின் கல்யாணம் பாக்கி. அண்ணன் ஐம்பதை நெருங்கும் வயதில் குவைத்துக்குப் புது விசா எடுத்தார். அங்கே ஃபஹாஹீல் என்ற ஊர்ப் பக்கம் சைட், மறுபடியும் கம்பி. கலாஸ் சொல்ல நினைத்த வருஷத்தில் மறுபடி முதல் நாள் டூட்டி. நான் வேலையை விட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்தக் கம்பெனி தானாக மூடும்வரை அதே தாளை இன்னும் இரண்டு பதிப்பு அச்சுக்குக் கொடுத்தேன்.

இன்றைக்கு அந்த அலுவலகம் இல்லை. டயர் கடை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட கட்டிடம் நிற்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். கேம்ப்பை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்களாம். கம்பெனியின் இணையப் பக்கத்தைத் தேடினால் வெள்ளைத் திரைதான் வருகிறது. அந்த விளம்பரத் தாளில் என்னிடம் ஒரு பிரதிகூட இல்லை. கிழித்துப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்தான், ஆனால் வீடு மாற்றும்போது எங்கோ தொலைந்தது என்பதே நிஜம். அந்தத் தாழ்நிலத்தில் இப்போது அவரை காய்க்கிறதா, விடுதி நிற்கிறதா, தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது அவர் குவைத் கிளம்பிய அன்று, கேம்ப் வாசலில். ஒரு பெட்டி, கயிறு கட்டிய ஒரு அட்டைப்பெட்டி. நானே இரண்டையும் வண்டியில் ஏற்றினேன். டிரைவர் ஒரு பட்டாணியர், "யல்லா பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். அண்ணன் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, ஒன்னு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அந்த அம்மாட்ட இனிமே பத்திரத்தத் தூக்கிட்டு வேற யாரும் போக மாட்டாகள்ல?"

"தெரியலண்ணே" என்றேன்.