தீப்பிடிக்காத பனியன்

பனியன் தைக்கிறவனிடம் யாரும் சாவைப் பற்றி விசாரிப்பதில்லை. கார் பந்தய ஓட்டுநர்களுக்கு உள்ளாடை தைக்கும் எங்களிடம் மட்டும் அளவு கொடுக்கும்போதே விசாரிப்பார்கள். திருப்பூர் முதலிபாளையத்தில் சின்ன யூனிட். நான் அங்கே தரம் பார்க்கிறவன். மற்ற கம்பெனிகளில் தையல் பிசகினால் சரக்கு திரும்பி வரும். எங்களிடம் பிசகினால் என்ன ஆகும் என்பதை, குவாலிட்டி வேலையில் தூக்கம் தொலைத்த அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நெருப்பு பார்த்தல்

புது ரோல் துணி வந்ததும் ஒரு துண்டு வெட்டி, பின்பக்கத் தகரக் கொட்டகையில் தீயில் காட்டுவேன். நீலச் சுடர் துணியைத் தடவும், நக்கும், யோசிக்கும். துணி கறுக்குமே தவிர உருகாது, சொட்டாது. பார்த்துக்கொண்டே நின்றால் ஷிப்ட் முடியும் சைரன்கூடக் காதில் விழாது.

தீயில் போட்டு வெளுக்கும் கல்நார்த் துணியைப் பற்றிப் பழைய யாத்திரிகர்கள் எழுதியிருப்பதை ஒரு நாள் ஓவர்லாக் மிஷின் சரசக்காவிடம் விஸ்தாரமாகச் சொன்னேன். தைக்கும் நூலும் இதே ரகமாக இருக்க வேண்டும், சாதா பாலியெஸ்டர் நூல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்றும் சொன்னேன். அக்கா நூலை மாட்டிக்கொண்டே கேட்டார்: "இத்தனை பாடு எதுக்குங்க சார்? அந்தத் தம்பிகளைக் கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லக் கூடாதுங்களா?"

இறுக்கம்

கார்த்தி சொந்தமாக நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர். விடுமுறை நாளில் பந்தயம் ஓட்டுவார். பனியன் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும் என்றார். தோலுக்கும் துணிக்கும் நடுவில் இருக்கும் காற்றுதான் சூட்டைத் தடுக்கும் முதல் அடுக்கு என்று விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அதெல்லாம் சரிங்ணா. ஜெயிச்சா மேல்சட்டையை இறக்கிட்டு நிப்போமுங்களே, போட்டோவுல தொப்பை தெரியக் கூடாதுங்க!"

ரிஜெக்ட் பீஸ்

அடுத்த பந்தயத்தில் கார்த்தியின் நண்பர் ஒருவர் தடுப்புச் சுவரில் மோதி இறந்துபோனார். தீயே பிடிக்கவில்லை, கழுத்து தாங்கவில்லை. அவர் போட்டிருந்ததும் நாங்கள் தைத்ததுதான். அதில் ஒரு கருகல்கூட இல்லை.

அதன்பின் கார்த்தியின் மனைவி நித்யா தனியாக வந்து, திருப்பூரில் யாரும் கேட்காததைக் கேட்டார்: லேபிள் வைக்காமல் தள்ளிவிட்ட ஒரு ரிஜெக்ட் பீஸ். உள்ளே அங்கீகார லேபிள் இல்லாவிட்டால் பந்தயத்துக்கு முன் பரிசோதிப்பவர்கள் ஓட்டுநரை நிறுத்திவிடுவார்கள். அதைத் தெரிந்து வைத்திருந்தார்.

"அவர் வேற யார்கிட்டயாவது வாங்கிப் போட்டுக்கிட்டு ஓட்டுவாருங்க. அது என்ன நூலோ, யார் தைச்சதோ" என்றேன்.

மேஜை மேல் இருந்த துணியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "தீப்பிடிச்சா இது எவ்வளவு நேரம் தாங்குமுங்க?"

"சில நொடிதானுங்க. காரை விட்டு எறங்குற வரைக்கும்."

நித்யா எழுந்தார். "அப்ப லேபிள் வெச்சே தைங்க. எறக்குறதை நான் பாத்துக்கறேன்."

போர்டிகோ

பனியனைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனபோது சாயங்கால வெயில். போர்டிகோவில் பந்தயக் கார் நகராமல் நின்றது. ஹெல்மெட் மாட்டிய கார்த்தி பெல்ட்டை அவிழ்த்து வெளியே பாய்ந்தார், மறுபடி ஏறினார், மறுபடி பாய்ந்தார். நித்யா செல்போனில் நேரம் பார்த்தபடி "இன்னொருக்கா" என்றார். எங்கும் போகாத காரிலிருந்து ஒரு மனிதர் இறங்கிக்கொண்டே இருந்தார். கனவில்தான் அப்படி நடக்கும்.

அந்த சீசனின் கடைசிப் பந்தயத்தில் அவர் கார் உருண்டு தீப்பிடித்தது. தீயணைக்கும் ஆட்கள் ஓடி வருவதற்குள் புல்தரையில் நின்றிருந்தார்.

விரல் நுனியில் கட்டோடு எங்கள் யூனிட்டுக்கு வந்தார். "தீயில சத்தமே இல்லீங்ணா. சுத்தி ஆரஞ்சு வெளிச்சம். ஊட்டு போர்டிகோல இருக்கற மாதிரியே இருந்துச்சு. கை தானா பெல்ட்டை அவுத்துச்சுங்க" என்றார், தூக்கத்திலிருந்து எழுந்தவர் போல.

பக்கத்தில் நின்ற நித்யாவுக்குத் திருப்தி இல்லை. "ஊட்டுல எறங்குனதை விட லேட்டுங்க. புகைக்குள்ள பெல்ட் பக்கிளைத் தேடியிருக்காரு. நாளையிலிருந்து கண்ணைக் கட்டிவிட்டு எறக்கப்போறேன்."

குறை சொல்லவும் குறை கேட்கவும் வாடிக்கையாளர் உயிரோடு வந்து நின்றால், எங்கள் தொழிலில் அதுவே நற்சான்று.