வாசல் விளக்கு எரியாத வீடு

எங்கள் ஊர்த் தெருவிளக்குகளைப் பழுதுபார்ப்பவர் என் மேல்வீட்டுக்காரர்தான். எந்தத் தெருவில் விளக்கு அவிந்தாலும் மறுநாளே ஏணியோடு போய் நிற்பார். அப்படிப்பட்டவர் வாசலுக்கு நேரே நிற்கும் கம்பத்தில் மட்டும் பல வாரமாக விளக்கு எரியவில்லை.

கேட்டால் சாமான் வரவில்லை என்பார். பொய். சாமான் அவர் பைக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. உண்மைக் காரணம் அவர் வாங்கிய பழைய பைனாகுலர். குளிர்காலத்து வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு நெபுலா, அதாவது ஒளிரும் புகைமண்டலம், இருக்கிறதாம். அதற்குள் புதுப்புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றனவாம். தெருவிளக்கு எரிந்தால் அது கண்ணுக்கு எடுபடாதாம். ஊருக்கே வெளிச்சம் போடுகிற மனுஷர் சொந்த வாசலை இருட்டாக வைத்திருந்த லட்சணம் இது.

அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கம்பக்கத்தார் புகாரெல்லாம் அந்த அக்கா தலையில்தான் விடிந்தது. கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பந்தயம் வைத்தார்கள். அக்கா ஒரு தடவை அந்த நெபுலாவைப் பார்ப்பது. பிடித்திருந்தால் குளிர்காலம் முடியும்வரை விளக்குப் பேச்சை எடுக்கக்கூடாது. பிடிக்காவிட்டால் உடனே விளக்கைப் போட்டுவிட வேண்டும்.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்த கையோடு மொட்டைமாடிக்கு ஏறினார்கள். காய்ந்த துணி எடுக்கப் போன என்னையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டார் மனுஷர். பைனாகுலரைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். நேராக முறைக்கக்கூடாது, சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும் என்று பாடம் வேறு. முதலில் ஒன்றுமே இல்லையே என்ற அக்காவுக்கு அப்புறம் பைனாகுலரை இறக்கவே மனசில்லை. நானும் வாங்கிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் விரிந்த ஒரு மூட்டம், நடுவில் பொடிப்பொடியாக வெளிச்சம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

"நல்லாத்தாங்க இருக்கு. எங்க வார்டுல இவ்வளவு அமைதியா எதுவும் பொறந்து நான் பார்த்ததில்ல," என்றார் அக்கா.

மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"ஆனா தெருமுனையிலேர்ந்து வாசல் வரைக்கும் தினமும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வரேன். இன்னிக்கு வேலியோரமா யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு. ஓடியே வந்துட்டேன்."

அக்கா இதை ஒருநாளும் சொன்னதில்லை. இவரும் கேட்டதில்லை. ஜெயித்த பந்தயத்தை அப்படியே போட்டுவிட்டு மளமளவென்று கீழே இறங்கினார். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். விளக்கு எரிந்ததும் மாடி முழுக்க வெளிச்சம் பரவி, நெபுலா போன இடம் தெரியவில்லை. அவர் மேலே பார்க்காமலே ஏணியை மடக்கியபோது எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்த அக்கா யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. வண்டிச் சாவியை அவர் கையில் திணித்து, ஏரிக்கு அந்தப் பக்கம் விளக்கே கிடையாது, கிளம்புங்கள் என்றார். மனுஷர் திருதிருவென்று விழித்தார். உனக்குத்தான் இருட்டு என்றால் பயமாயிற்றே என்று இழுத்தார்.

"தனியா வரும்போதுதாங்க பயம்," என்றார் அக்கா.